மான் எதிரே வந்தால் எப்படி நிற்பது? வேட்டை ரைஃபிள் பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. நம் ஆட்களில் யாராவது புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுத்தால், சுற்றி வளைத்து என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். வலதுகைக்காரர், கையால் இழுக்கும் போல்ட் உள்ள ரைஃபிள், மேலே ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சுடும்போது எப்படி நிற்க வேண்டும்?

முடிந்தவரை நிற்காதீர்கள். எல்லாரும் முதலில் கேட்பது நிற்பதைப் பற்றித்தான். ஆனால் வேட்டையில் அது கடைசி வழி.

ஒரு கணக்கு சொல்கிறேன். துப்பாக்கி சுமார் ஒரு மீட்டர் நீளம். பின்கட்டை தோளில் அசையாமல் இருந்து, குழலின் முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 முதல் 25 செ.மீ. அகலம். நடுவைக் குறிவைத்தால் எந்தப் பக்கமும் உங்களுக்குக் கிடைப்பது 10 செ.மீ. சொச்சம், அதாவது குழல் முனையில் அந்த ஒரு மில்லிமீட்டர். மூன்று நான்கு கிலோ எடையைக் கையில் ஏந்தி, நெஞ்சு படபடக்க நின்றுகொண்டு அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை.

முதல் வருடம் 70 மீட்டரில் நின்ற மானை நின்றபடியே சுட்டேன். குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மான் போய்விட்டது, ஒரு துளி ரத்தம் இல்லை, அதுவரை நல்லது. பிறகு திரும்பிப் பார்த்தால், நான் நின்ற இடத்திலிருந்து இரண்டடியில் வாட்டசாட்டமான ஒரு மேப்பிள் மரம். சாய்ந்திருக்கலாம்.

அப்படியானால் எது நல்ல நிலை?

தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி. குப்புறப் படுப்பது முதலில், அடுத்து உட்காருவது, பிறகு ஒரு காலை மண்டியிடுவது, கடைசியில் நிற்பது. இதில் எந்த நிலையிலும் துப்பாக்கியின் முன்கட்டைக்கு (குழலின் கீழே கையால் பிடிக்கும் பகுதி) அடியில் ஒரு தாங்கல் கிடைத்தால் ஒரு படி மேலே ஏறிவிடுவீர்கள். மரத்தில் சாய்ந்து நிற்பவர், வெறும் கையோடு மண்டியிட்டவரைவிட நன்றாகச் சுடுவார்.

எலும்பால் தாங்க வேண்டும் என்கிறார்களே, என்ன அர்த்தம்?

ஒரு குடம் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் கை ஆடத் தொடங்கும். அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கலாம். எடையை இடுப்பெலும்பு வாங்கிக்கொள்கிறது, தசைக்கு வேலை குறைவு. துப்பாக்கியும் அப்படித்தான். தசை களைக்கும், துடிக்கும். எலும்பு களைக்காது. முழங்கை நேரே துப்பாக்கியின் கீழே வர வேண்டும். துப்பாக்கியின் எடை முழங்கை வழியாக முழங்காலுக்கோ தரைக்கோ இறங்க வேண்டும். முழங்கை பக்கவாட்டில் விரிந்திருந்தால் தோள்தசைதான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். குறி இலக்குக்கு வரவில்லை, கையால் தள்ளிச் சரிசெய்கிறேன். தவறா?

பெரிய தவறு. புதியவர்கள் காரணம் தெரியாமல் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

உடலைத் தளர விட்டால் துப்பாக்கி தானாக ஒரு திசையைப் பார்க்கும். அந்த இயல்பான திசை இலக்கின் மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கை அதைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். விசை (டிரிகர்) அழுந்தும் கணத்தில் கை கொஞ்சம் தளர்ந்தாலும் துப்பாக்கி தன் பழைய திசைக்கே திரும்பிவிடும்.

சோதிப்பது சுலபம். வெற்றுத் துப்பாக்கியோடு இலக்கைக் குறிவையுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டு உடலைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடல் சொல்லும் திசை. இலக்குக்கு வலப்பக்கம் இருக்கிறதா? கையைத் தொடாதீர்கள். உட்கார்ந்திருந்தால் பிட்டத்தை நகர்த்துங்கள், படுத்திருந்தால் இடுப்பை, நின்றிருந்தால் பாதத்தை. மேலே கீழே என்றால் முழங்கையை முன்பின் நகர்த்துங்கள். காட்டில் மான் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாதுதான். வீட்டில் நூறு முறை செய்தவருக்கு அது கண் மூடாமலே தெரியவரும்.

உட்கார்ந்து சுடும்போது கால் எப்படி?

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. சம்மணமிட்டு உட்காரச் சொன்னால் என்னோடு வேட்டைக்கு வரும் கனடாக்காரர்கள் முனகுவார்கள். தரையில் இலைபோட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் கஷ்டமே இல்லை.

இலக்குக்கு நேராக உட்காராமல், வலப்பக்கமாக முப்பது நாற்பது பாகை திரும்பிச் சம்மணமிடுங்கள். இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். முழங்கையின் கூர்முனை முழங்கால் சில்லின் மேல் உட்காரக் கூடாது. எலும்பும் எலும்பும் சேர்ந்தால் கோலிக்குண்டு மேல் கோலிக்குண்டு வைத்ததுபோல உருளும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள சதையான பகுதியை முழங்காலின் உட்புறப் பள்ளத்தில் வையுங்கள். இரண்டு கைக்கும் அப்படியே. முன்னால் மேடோ புதரோ இருந்து சம்மணம் தாழ்வாகிப்போனால், காலை அகட்டிக் குதிகாலை மண்ணில் ஊன்றி உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, குத்தவைத்து உட்காருவது. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய, குதிகால் தூக்காமல். மேற்கையின் பின்புறம் முழங்காலுக்கு முன்னால் தொங்கியபடி அழுந்த வேண்டும். ஈரத் தரையிலும் பனியிலும் உடை நனையாது, இரண்டு நொடியில் உட்காரலாம், எழலாம். நாற்காலியில் வளர்ந்தவர்களுக்குக் குதிகால் தரையில் படாது, பின்னால் சாய்ந்து விழுவார்கள். ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகிய உட்காரல் இங்கே மான் வேட்டைக்கு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மண்டியிடுவது?

வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது குதிகாலின் மேல் உட்காருங்கள். இடது முழங்கால் மேலே, இடது முழங்கை அதன் சில்லைத் தாண்டி முன்னால். எடை முன்பக்கம். வலது முழங்கைக்குத் தாங்கல் கிடையாது என்பதால் பக்கவாட்டில் ஆடும். புல் உயரமாக இருந்து உட்கார்ந்தால் மறைக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன்.

குப்புறப் படுத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே?

இருக்கும். திறந்த வயல், மலைச்சரிவு என்றால் அதைவிட நல்லது இல்லை. துப்பாக்கிக்கு நேர் பின்னால் படுத்து, காலை விரித்து, முன்கட்டையை முதுகுப்பையின் மேல் வைத்து, பின்கட்டையின் அடியில் ஒரு கையுறையைச் சுருட்டித் திணித்தால் கிட்டத்தட்ட மேசைமேல் வைத்துச் சுடுவது மாதிரிதான். ஒன்டாரியோவின் புதர்க்காட்டில் படுத்தால் தெரிவது செடியின் தண்டு மட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கோப் குழலுக்கு நான்கைந்து செ.மீ. மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் பாதை சுத்தமாகத் தெரியும், குழலுக்கு முன்னால் ஒரு கல்லோ வரப்போ இருக்கும். குண்டு அதில் போய் முட்டும். சுடுமுன் ஒருமுறை தலையைத் தூக்கிக் குழலின் முனைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

மரத்தில் சாய்த்து வைத்துச் சுடலாமா?

தாராளமாக. ஆனால் குழல் மரத்தைத் தொடவே கூடாது, முன்கட்டையும் மரப்பட்டையில் நேரடியாக வேண்டாம். சுடும்போது குழல் அதிரும். கடினமான எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு மாறி, குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் விலகும். இடது உள்ளங்கையை மரத்தில் பதித்து, கட்டைவிரலை விரித்து, அந்தக் கவட்டில் முன்கட்டையை உட்கார வையுங்கள். மரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் உங்கள் கை. கார் பானெட், பாறை, வேலிக்கம்பம் எதுவானாலும் இதே விதி, நடுவில் மெத்தென்று ஏதாவது இருக்க வேண்டும்.

மரம் இல்லாத இடத்துக்கு ஊன்றுகோல் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள் மூன்று கால் கோலில் வைத்துத்தான் பெரும்பாலும் சுடுவார்கள். அங்கே புல் உயரம், படுக்க வழியில்லை. இரண்டு மூங்கில் குச்சியை மேலே கயிற்றால் கட்டினாலும் வேலை நடக்கும். கடையில் விற்கும் கோல் விலையைப் பார்த்துவிட்டு நான் அதைத்தான் செய்தேன்.

சரி, வேறு வழியே இல்லை. நின்றுதான் சுட வேண்டும். எப்படி?

பாதங்கள் தோள் அகலத்துக்கு. உடல் இலக்குக்கு நேராகவும் வேண்டாம், முழுப் பக்கவாட்டாகவும் வேண்டாம். இடது தோள் முன்னால் வர நாற்பத்தைந்து பாகை அளவு திரும்பினால் போதும். எடை கொஞ்சம் முன்பாதத்தில்.

புதியவர்கள் எல்லாரும் பின்னால் வளைவார்கள். துப்பாக்கி முன்பக்கம் கனக்கிறது, அதைச் சமன்செய்ய முதுகு தானாக வளைகிறது. அந்த நிலையில் சுட்டால் உதை உங்களை இன்னும் பின்னே தள்ளும், குழல் மேலே எகிறும். மூக்கு இடது கால் பெருவிரலுக்கு நேர் மேலே வருமளவு முன்னால் சாயுங்கள். இடது முழங்கையைத் துப்பாக்கியின் கீழே கொண்டுவந்து விலாவோடு ஒட்டுங்கள். அப்படியும் குறி 8 போட்டபடி சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றட்டும். அது சரியான இடத்தைக் கடக்கும் கணத்தில் வெடுக்கென்று விசையை இழுக்க நினைப்பதுதான் ஆபத்து. சுற்று சின்னதாகும்வரை மெல்ல அழுத்திக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நொடியில் சின்னதாகவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கி, மூச்சு வாங்கி, திரும்ப ஏற்றுங்கள்.

நின்று சுடுவதில் என் எல்லை 50 மீட்டர். அதற்கு மேல் நான் சுடுவதில்லை.

ஒலிம்பிக் வீரர்கள் நின்றுதானே சுடுகிறார்கள்? அதைப் பார்த்துப் பழகலாமா?

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர்கள் நிற்கும் விதத்தைக் கூர்ந்து பாருங்கள். முழுப் பக்கவாட்டில் திரும்பி, முதுகைப் பின்னுக்கு வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றியிருப்பார்கள். இடுப்புக் குடம் கதைதான். விறைப்பான ஜாக்கெட், தட்டையான ஷூ, நிதானமாகக் குறிவைக்க நேரம், தவிர ஏர் ரைஃபிளில் உதை என்று சொல்லுமளவு எதுவும் கிடையாது. மேலே பின்னால் வளையாதீர்கள் என்று சொன்னேன், அவர்கள் வளைகிறார்கள், முரண் இல்லையா என்றால் இல்லை. உதைக்காத துப்பாக்கிக்கு அது சரி. 308 வின்செஸ்டர் தோட்டா போடும் வேட்டை ரைஃபிளைப் பிடித்துக்கொண்டு அப்படி நின்றால் இரண்டடி பின்னால் போவீர்கள். அவர்களிடம் கற்க வேண்டியது எலும்பை நம்புவதும், சுட்ட பிறகும் அசையாமல் இருப்பதும்.

பின்கட்டையைத் தோளில் எங்கே வைப்பது? முதல் நாளே தோள் கன்றிவிட்டது.

காறை எலும்புக்கும் தோள் உருண்டைக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. வலது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினால் விரலுக்கே தட்டுப்படும். அங்கே வையுங்கள். மேற்கையில் வைத்தவருக்குக் கன்றும், காறை எலும்பின் மேல் வைத்தவருக்கு வலிக்கும். உறுதியாக உள்ளே இழுத்துப் பிடியுங்கள். பயந்து இடைவெளி விட்டால் துப்பாக்கி ஓடிவந்து முட்டும். அப்புறம் அடுத்த தோட்டாவுக்கு இன்னும் பயம்.

தலையைக் கட்டையிடம் கொண்டு போகாதீர்கள், கட்டையைக் கன்னத்திடம் கொண்டு வாருங்கள். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். ஸ்கோப்பில் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பாகத் தெரிந்தால் கண் சரியான இடத்தில் இல்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். நான் ஒருமுறை மேட்டை நோக்கிச் சுட்டபோது ஆர்வத்தில் தலையை முன்னே நீட்டிவிட்டேன். வலது புருவத்தின் மேல் அரைவட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் பெண் அதற்குப் பிறைச்சந்திரன் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இடது கை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். உள்ளங்கையில் முன்கட்டை அமர்ந்திருந்தால் போதும். துப்பாக்கி ஏதாவது தாங்கலின் மேல் இருந்தால் இடது கையைப் பின்னால் கொண்டுவந்து பின்கட்டையின் அடியில் கொடுத்து, முஷ்டியை லேசாக மூடித் திறந்து உயரத்தைச் சரிசெய்யலாம்.

மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

பிடிக்க வேண்டாம், விட்ட இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மூச்சும் வெளியேறிய பிறகு அடுத்தது உள்ளே வருமுன் ஒரு சின்ன ஓய்வு இருக்கிறது. அதைச் சில நொடிகள் நீட்டலாம். பத்து நொடியைத் தாண்டினால் உடல் காற்றுக்குத் தவிக்கும், பார்வை மங்கும், நடுக்கம் கூடும். மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் செல்லாது. முதலில் உட்காருங்கள்.

விசையை எப்படி இழுப்பது? கண் தானாக மூடிக்கொள்கிறதே?

ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உள்ள சதைப் பகுதி விசையில் பட வேண்டும். நேர் பின்னால் மெல்ல அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்பது உங்களுக்கே சரியாகத் தெரியாமல் இருந்தால் நல்லது.

கண் மூடுவது, தோளை முன்னால் தள்ளுவது, விசையை வெடுக்கென்று பறிப்பது எல்லாம் ஒரே நோய்: வரப்போகும் சத்தத்துக்கும் உதைக்கும் உடல் முன்கூட்டியே பயப்படுகிறது. வீரம் பேசி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு நண்பரை அழைத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை போலித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலி வரும்போது வெடிக்காது, ஆனால் குழல் முனை குபுக்கென்று கீழே போகும். பார்க்க வெட்கமாக இருக்கும். இருபது முப்பது முறை செய்தால் அடங்கும்.

காதில் செருகும் நுரை அடைப்பானும் அதன் மேல் மூடும் காதுறையும் இரண்டும் போடுங்கள். வேட்டை ரைஃபிளின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபல் வெடிச்சத்தமே காதைக் கெடுக்கப் போதும். பாதிப் பயம் சத்தத்தால் வருவது. மீதியைக் குறைக்க, சின்னத் தோட்டா போடும் 22 ரைஃபிளில் பழகுங்கள். உதையே இருக்காது, தோட்டாவும் மலிவு. மானுக்கும் பெரிய துப்பாக்கி வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். 243 வின்செஸ்டர் தோட்டாவின் உதை 308ஐவிடக் கணிசமாகக் குறைவு, வெண்வால் மானுக்கு அது போதும்.

தோள்வார் சுமப்பதற்கு மட்டும்தானா?

இல்லை. இடது கையை வாருக்குள் விட்டு, மேற்கையைச் சுற்றி வெளியே கொண்டுவந்து முன்கட்டையைப் பிடித்தால் வார் இறுகித் துப்பாக்கியைத் தோளோடு கட்டிப்போடும். உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். நிற்கும்போது அவ்வளவு பயன் இல்லை.

வலது கையால் சுடுகிறேன், ஆனால் இடது கண்தான் நன்றாகத் தெரிகிறது. என்ன செய்வது?

இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் இருக்கிறதோ அது உங்கள் முதன்மைக் கண். புதிதாகக் கற்பவர் என்றால் அந்தப் பக்கத் தோளுக்கே மாறிவிடுவது நல்லது. பழகியவர் ஸ்கோப் வைத்துச் சுடும்போது மறு கண்ணை மூடிக்கொண்டால் சமாளிக்கலாம்.

துப்பாக்கி எனக்கு நீளமாக இருக்கிற மாதிரி தெரிகிறது.

இருக்கலாம். கடைத் துப்பாக்கிகளில் விசையிலிருந்து பின்கட்டையின் முனைவரை சுமார் 34 செ.மீ. வைத்திருப்பார்கள், சராசரிக்கு மேல் உயரமான ஆளுக்குப் பொருந்தும் அளவு. நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது அதிகம். கழுத்தை நீட்டினால்தான் ஸ்கோப் தெரிகிறது, முதுகு பின்னால் போகிறது என்றால் கட்டையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) ஜூலையில் டி-ஷர்ட்டோடு பழகுவோம். வேட்டை நவம்பரில். தடித்த கோட்டு போட்டதும் கட்டை இரண்டு செ.மீ. நீண்டுவிட்ட மாதிரி ஆகும், பின்கட்டை அக்குளில் மாட்டும். ஒரு நாளாவது கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பழகுங்கள். கோடையில் அந்தக் கோலத்தில் ரேஞ்சுக்குப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நிலையில் கவனம் வைக்கும்போது பாதுகாப்பு மறந்துபோகிறது. எதை எப்போது செய்வது?

கனடாவில் உரிமத்துக்கான பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது நான்கு: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாக நினை, குழலின் திசையை எப்போதும் உன் கட்டுப்பாட்டில் வை, சுடும்வரை விரலை விசைக்கூட்டுக்கு வெளியே வை, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய். நிலை மாறும்போதுதான் இவை உடைகின்றன. நின்றவர் உட்காரும்போது குழல் பக்கத்து ஆளின் காலைக் கடக்கும், எழும்போது விரல் உள்ளே போகும். ஆகவே சேஃப்டி (துப்பாக்கி சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டுத்தான் உட்காருங்கள், எழுங்கள். உட்கார்ந்து, குறி நிலைத்து, மான்தான் என்றும் அதன் பின்னால் மண்மேடு இருக்கிறது என்றும் தெரிந்த பிறகு சேஃப்டியை எடுங்கள். தவறிய குண்டு சில கிலோமீட்டர் போகும். மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது துப்பாக்கியைக் கையில் கொண்டுபோகாதீர்கள். வெறுமையாக்கிக் கயிற்றில் கட்டி, ஏறிய பிறகு இழுங்கள். நீங்களும் பாதுகாப்பு வாரில் இருங்கள்.

இலக்கைத் தேட ஸ்கோப்பைப் பயன்படுத்துபவரோடு நான் வேட்டைக்குப் போவதில்லை. அவர் தேடும்போது யாரையோ குறிவைக்கிறார். தேட பைனாகுலர் இருக்கிறது. ஒன்டாரியோவில் மான் பருவத்தில் ஆரஞ்சு உடை கட்டாயம். இடுப்புக்கு மேல் குறைந்தது 2,580 சதுர செ.மீ., தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி.

நான் வேட்டைக்குத் தயார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரு தேர்வில் சுட்டுத் தேற வேண்டும். 100 மீட்டரில் விலங்கு வடிவ இலக்கு, ஐந்து குண்டு, ஐந்தும் 30 செ.மீ. வட்டத்துக்குள். ஒன்று வெளியே போனாலும் மறுபடி முதலிலிருந்து. அதற்கு முன் 30 குண்டு பயிற்சியும் சுட்டிருக்க வேண்டும். ஒன்டாரியோவில் இப்படி ஆண்டுத் தேர்வு இல்லை. நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் தேர்வு காகிதத் தட்டு. விருந்தில் பிரியாணி போட்டுத் தருவார்களே, அந்த 20 செ.மீ. தட்டு. ஒவ்வொரு நிலையிலும் ஐந்துக்கு ஐந்து தட்டில் விழும் தூரம் எதுவோ அதுதான் அந்த நிலையில் உங்கள் எல்லை. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது துப்பாக்கியின் தேர்வு, உங்களுடையது இல்லை. ஸ்கோப்பைச் சரிபார்க்க மட்டும்தான் மேசை.

வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவதும் பெரிய உதவி. அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கி வெறுமை என்று இரண்டு முறை பாருங்கள். தினம் பத்து நிமிடம் சம்மணமிட்டுச் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து விசையை அழுத்துங்கள். 22 ரைஃபிள் சிலவற்றுக்கு வெறுமையாக விசை அழுத்துவது ஆகாது, போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இந்தியாவில் பழகலாமா?

வேட்டைக்கு இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அரசு தனியாக அனுமதி தரும் அபூர்வ நிலைகளைத் தவிர அங்கே அந்தப் பேச்சே கிடையாது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டாகக் கற்கலாம், அதற்குச் சங்கங்களும் ரேஞ்சுகளும் இருக்கின்றன. இளவேனில் வந்த வழி அது.

விசை அழுத்தியாயிற்று. அடுத்து?

ஒன்றும் செய்யாதீர்கள். விரலை விசையிலேயே அழுத்தி வையுங்கள், கன்னத்தை எடுக்காதீர்கள், ஸ்கோப் வழியாகவே பாருங்கள். வெடித்த கணத்தில் குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று மனதில் படம் பிடியுங்கள். பிறகு தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். மான் ஓடினால் எந்த மரத்தைத் தாண்டிப் போனது என்று பாருங்கள். நன்றாகப் பட்ட மானும் நூறு மீட்டர் ஓடும்.

சேஃப்டி போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். உடனே துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து இன்னும் தூரம் போகும். கடிகாரம் பாருங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் அரை மணியாகத் தெரியும். எழுந்து போகுமுன் நீங்கள் சுட்ட இடத்தில் ஒரு ஆரஞ்சு நாடாவைக் கட்டிவிடுங்கள். மான் நின்ற பக்கம் போய் நின்றால் காடு முழுக்க ஒரே மாதிரி இருக்கும், மான் எங்கே நின்றது என்று திரும்பிப் பார்த்துக் கணிக்க அந்த நாடா வேண்டும்.